ஒரே வண்டியில் இரண்டு அக்கா

சின்ன வண்டியைப் பெரிய வண்டியாகக் காட்ட வேண்டுமென்றால், அதன் மேல் சின்ன ஆளை ஏற்ற வேண்டும். மோட்டார் சைக்கிள் விற்கிறவர்களுக்கு இது அரிச்சுவடி. இந்த அரிச்சுவடிதான் என் அக்காவின் வாழ்க்கையைக் கெடுத்தது என்று நான் சொன்னால், "உனக்கு எதைத்தான் பெரிசுபடுத்தத் தெரியாது?" என்பாள். பெரிசுபடுத்தியது நானில்லை, அந்தக் கம்பெனிக்காரர்கள். தள்ளிக்கொண்டு போனால் சைக்கிளுக்கு அண்ணன் என்று சொல்லக்கூடிய ஒரு வண்டி. அதன் டயருக்கு ஷூ பாலிஷ் போட்டு, ரோட்டில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பளபளக்கவிட்டு, பின்னால் எவனோ ஒரு பணக்காரனின் மாளிகையை நிறுத்தி, தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு கீழேயிருந்து படம் எடுப்பார்கள். அந்த மாளிகையில் இருக்கிறவன் அந்த வண்டியைத் தோட்டக்காரனுக்குக்கூட வாங்கித் தரமாட்டான்.

அக்கா அந்தக் கம்பெனியின் விற்பனைப் பிரிவில் டைப்பிஸ்டாக இருந்தாள். ஆள் குள்ளம், ஒடிசல். காற்றடித்தால் கதவைப் பிடித்துக்கொள் என்று வீட்டில் கிண்டல் செய்வோம். புரோஷரில் வர வேண்டிய வாசகங்களை மேனேஜர் சொல்லச் சொல்ல அவள்தான் டைப் அடிப்பாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவற்றை எனக்கு ஒப்பிப்பாள். 'இனி உங்கள் குடும்பத்தில் இன்னொருவர்!' 'பேருந்துக்குக் காத்திருந்த காலம் போயே போச்சு!' 'ஒரு லிட்டர் ஊற்றுங்கள், பெட்ரோல் பங்க்கையே மறந்துவிடுங்கள்!' கடைசி வாசகத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டி நட்சத்திரம் இருக்கும். அதற்கான விளக்கம் பின்னட்டையின் அடியில், எறும்புக்குத்தான் படிக்க வசதி. சமதளச் சாலை, காற்றில்லாத நாள், எடை குறைந்த ஒரே ஒரு ஓட்டுநர். முன்னட்டையில் அப்பா, அம்மா, டேங்க் மேல் ஒரு குழந்தை, நடுவில் இன்னொன்று என்று குடும்பமே ஏறி உட்கார்ந்திருக்கும். பெட்ரோல் கணக்கு மட்டும் ஒல்லியான பிரம்மச்சாரிக்கு.

வண்டியோடு கொடுக்கிற கையேட்டையும் அவள்தான் டைப் அடித்தாள். 'கிளட்ச்சை மெதுவாக விடவும்' என்று அடித்தவளுக்கு, மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக என்று தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது. சன்னலுக்கு வெளியே தொழிற்சாலை முற்றம். புது வண்டிகளை ஓட்டிப் பார்ப்பதற்கு அங்கே ஒருவன் இருந்தான். பருமனைப் பார்த்து அவனுக்குப் பீப்பாய் என்று பெயர் வைத்திருந்தார்கள். சாப்பாட்டு இடைவேளையில் அவனிடம் போய்க் கேட்டாள்.

"ஒரே ஒரு ரவுண்டு உக்காந்து பாக்கட்டுமா?"

"விழுந்தா என்னை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க."

"விழுந்தா நான் ஏன் எந்திரிச்சுப் போய்ச் சொல்லப்போறேன்?"

அவன் சிரித்துவிட்டான். அப்புறம் தினமும் அவள் சாப்பாட்டை நாலு வாயில் முழுங்கிவிட்டு முற்றத்துக்கு ஓடினாள். காலி டிரம்களை வரிசையாக வைத்து அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட்டப் பழகினாள். ராத்திரி கட்டிலில் உட்கார்ந்து இடது காலால் இல்லாத கியரை மாற்றுவாள். நான் தூங்கவிடு என்று கத்துவேன். "மூணாவதுல போயிட்டிருக்கேன்டீ, நடுவுல நிறுத்தாதே" என்பாள். அவளுக்கு நகை, துணி, சினிமா எதிலும் பெரிய பைத்தியம் கிடையாது. ஒரு வண்டியில் முன்னால் உட்கார்ந்து ஊரைச் சுற்ற வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

புரோஷருக்குப் படம் எடுக்கும் நாள் வந்தது. நாயகனாக ஒருவனைக் கூட்டி வந்தார்கள். பனியன் விளம்பரங்களில் நிற்கிறவன். நல்ல தாடை, நல்ல முடி. நிற்கச் சொன்னால் சிலை மாதிரி நிற்பான். வண்டியில் உட்காரச் சொன்னாலும் அழகாகத்தான் உட்கார்ந்தான். வண்டி நகர்ந்தால் மட்டும் அவன் முகத்துக்கு என்னவோ ஆகிவிடும். நான் பிற்பாடு மருந்துக்கடையில் வேலை பார்த்தபோது பேதிக்கு மாத்திரை கேட்டு வருகிறவர்களிடம் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

"சார், கொஞ்சம் சிரிங்க" என்றான் போட்டோகிராபர்.

"முதல்ல யாராவது வண்டியைப் பிடிங்க!" என்றான் நாயகன்.

நாயகி வரவேயில்லை. "நம்ம டைப்பிஸ்ட் பொண்ணு லட்சணமாத்தானே இருக்கு, அதையே உக்கார வைங்க, காசும் மிச்சம்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அதனால் அக்கா, நிற்கிற வண்டியில் பனியன்காரனுக்குப் பின்னால் பக்கவாட்டில் உட்கார்ந்து, அவன் இடுப்பைத் தொட்டும் தொடாமலும் பிடித்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்தாள். அது சுலபமாக முடிந்தது. ஓடுகிற வண்டியைத்தான் எடுக்க முடியவில்லை. பீப்பாயை ஏற்றிப் பார்த்தார்கள். "ஆட்டுக்குட்டி மேல ஆனை உக்காந்த மாதிரி இருக்கு, இறங்குப்பா" என்று போட்டோகிராபர் தலையில் கையை வைத்துக்கொண்டான். வெயில் வேறு சாயத் தொடங்கிவிட்டது. அப்போதுதான் பீப்பாய் வாயைத் திறந்தான்.

"இந்தப் பொண்ணு நல்லா ஓட்டும் சார்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். போட்டோகிராபர் அவளை மேலும் கீழும் அளந்தான். இவ்வளவு சின்ன ஆளை ஏற்றினால் வண்டி குதிரை மாதிரி தெரியும் என்று அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. பனியன்காரனின் வெள்ளைச் சட்டையையும் கறுப்புப் பேன்ட்டையும் கழற்றி அவளுக்கு மாட்டினார்கள். இடுப்பில் ஊக்குக் குத்தி, கால்பக்கம் மடித்துவிட்டார்கள். நாயகன் துண்டைக் கட்டிக்கொண்டு சுவருக்குப் பின்னால் நின்றான். அக்கா வண்டியைக் கிளப்பினாள். மாளிகை வாசலில் வளைவான பாதை. அந்த வளைவில் வண்டியைச் சாய்த்து, உடம்பையும் அதோடு சாய்த்து, ஈரத் தரையில் சக்கரம் கோடு கிழிக்கத் திரும்பினாள். போட்டோகிராபர் குப்புறப் படுத்தபடியே கத்தினான்.

"இன்னொரு தடவை! அதே மாதிரி!"

எத்தனை தடவை என்றாலும் அவள் தயார். கடைசியில் இறங்கி வந்து மூச்சு வாங்கக் கேட்டாள்.

"இந்தப் படம் வருமா சார்?"

"இதைவிட நல்ல படம் எங்கம்மா இருக்கு? கண்டிப்பா வரும்."

கண்டிப்பாக வந்தது. நான்கு பக்கம் மடிக்கிற வழவழப்பான தாள். பத்திருபது ஊர்களுக்கு அனுப்பினார்கள். அதற்குள் அக்கா எங்கள் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள், தான் வண்டி ஓட்டுகிற படம் வரப்போகிறதென்று. அம்மாவுக்குப் பாதி பெருமை, பாதி பயம். புரோஷர் அச்சாகி வந்த அன்றைக்கு அக்கா வீட்டுக்கு வந்து, அதை என் மடியில் போட்டாள்.

"நான் எங்க இருக்கேன் சொல்லு?"

"பின்னாடி உக்காந்திருக்க" என்றேன்.

"முன்னாடி யாரு?"

"பனியன்காரன்."

"கழுத்துக்குக் கீழ பாரு."

பார்த்தேன். வெள்ளைச் சட்டை, ஒடிசலான தோள். அக்கா கைக்கடிகாரத்தை எப்போதும் மணிக்கட்டின் உட்பக்கமாகத் திருப்பிக் கட்டுவாள். டைப் அடிக்கும்போது இடிக்காமல் இருக்க அப்படி ஒரு பழக்கம். ஓட்டுகிறவன் கையிலும் கடிகாரம் உட்பக்கமாக இருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவள் கையிலும் அதே கடிகாரம். அக்காவின் படத்தில் தலையை மட்டும் பிளேடால் வெட்டி எடுத்துவிட்டு, அங்கே பனியன்காரனின் தலையை ஒட்டியிருந்தார்கள். அப்புறம், குடும்ப வண்டிக்குக் குடும்பம் வேண்டாமா என்று, நிற்கிற வண்டியில் எடுத்த அக்காவையும் வெட்டிப் பின்னால் ஒட்டியிருந்தார்கள். தன்னுடைய இடுப்பைத் தானே பிடித்துக்கொண்டு, தன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள் என் அக்கா. வண்டி சாய்ந்து திரும்புகிறது, பின்னால் இருப்பவள் மட்டும் பந்தல்கால் மாதிரி நிமிர்ந்திருக்கிறாள். உலகத்தில் எவளும் அப்படி உட்கார முடியாது. விழுந்துவிடுவாள். வண்டி விற்கிறவனும் கண்டுபிடிக்கவில்லை, வாங்குகிறவனும் கண்டுபிடிக்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருப்பவளை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

எனக்கு அப்போது சிரிப்புத்தான் வந்தது. அவள் சிரிக்கவில்லை. மறுநாள் மேனேஜரிடம் கேட்டிருக்கிறாள். அவர் ஒன்றும் கோபப்படவில்லை. நிதானமாக விளக்கினாராம்.

"பொம்பளை ஓட்டற வண்டின்னு பேர் வந்துட்டா, ஒரு ஆம்பளை தொடமாட்டான்மா. ஆம்பளை ஓட்டற வண்டின்னா வீட்டுல எல்லாரும் ஏறுவாங்க. இது வியாபாரம், இதுல உனக்கு என்ன வருத்தம்? உன் முகம் வந்திருக்கில்ல?"

சில மாதம் கழித்துக் கம்பெனியில் ஒரு வேலை வந்தது. ஊர் ஊராகப் போய், ஷோரூம் வாசலில் வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும். அக்கா ஓடிப்போய் முதல் ஆளாக எழுதிக் கொடுத்தாள். இந்த வேலை கிடைத்தால் அந்த வெட்டி ஒட்டின தலையெல்லாம் அவளுக்குத் தூசு. தினமும் முன்னால் உட்காரலாம், அதற்குச் சம்பளமும் தருவார்கள். மேனேஜர் அவள் எழுதியதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"உனக்கு ஓட்டத் தெரியும்னு யாருக்கும்மா தெரியும்?"

அவள் புரோஷரை எடுத்து மேசை மேல் விரித்தாள்.

அவர் பார்த்தார். "இதுல அவருல்ல ஓட்டறாரு?" என்றார்.

அது கிண்டலா, மறதியா என்று அக்காவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. மறதியாக இருந்தால் அதுதான் இன்னும் கேவலம். அந்த வேலை பனியன்காரனுக்குப் போனது. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, அவனை மேலே ஏற்றிவிட்டு, பின்சக்கரத்தைச் சும்மா சுழலவிட்டுக் கூட்டத்துக்குக் கையசைக்கச் சொல்வார்கள். நிஜமாக ஓட்டிக் காட்டுகிற வேலையைப் பீப்பாய் பார்த்துக்கொண்டான். அலுவலகத்தில் அக்காவுக்குப் 'பின்சீட்டு' என்று பட்டப்பெயர் விழுந்தது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், அவ்வளவு சாதாரணமாகிவிட்டது.

அந்தப் புரோஷரைப் பார்த்து வண்டி வாங்கினவர்களில் ஒருவர்தான் என் அத்தான். இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் கிளார்க். பெண் பார்க்க வந்தபோதே அதே வண்டியில்தான் வந்தார். வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தவர் அக்காவைப் பார்த்ததும், "நீங்கதானே அது!" என்று எழுந்தே விட்டார். அவருடைய அம்மாவுக்குத்தான் முகம் கறுத்துப்போனது. வேறு ஆம்பளையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகச் சிரித்தவளாயிற்றே. "வேலைன்னா அப்படித்தானேம்மா. நான் அதைப் பெரிசா எடுத்துக்கலை, மன்னிச்சுட்டேன்" என்று அத்தான் பெருந்தன்மையாகச் சொன்னார். எங்கள் வீட்டில் எல்லோரும் உருகிப்போனார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்யாத தப்புக்குக் கிடைக்கிற மன்னிப்பு மாதிரி ஒரு அவமானம் உண்டா?

கல்யாணமான புதிதில் ஒருநாள் அவர் மறுபடியும் அந்த மன்னிப்புப் பேச்சை எடுத்திருக்கிறார். "இருந்தாலும் நீ அவன் இடுப்பைப் பிடிச்சிருக்க வேண்டாம்" என்றாராம்.

"அந்த இடுப்பும் என்னுதுதாங்க" என்றாள் அக்கா.

அவருக்குப் புரியவில்லை. அவள் புரோஷரை எடுத்து, கடிகாரத்தைக் காட்டி, நடந்ததையெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவரும் சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அந்தச் சாய்வைப் பார்த்துத்தான் அவர் வண்டி வாங்கியிருந்தார். தானும் அப்படித் திரும்புவதாகத்தான் அத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார்.

"இதை வெளியில சொல்லிக்கிட்டுத் திரியாதே" என்றார்.

பிறகு அந்தப் புரோஷரை அக்காவின் முகம் மட்டும் தெரிகிற மாதிரி மடித்து, கூடத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டார். வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். "கம்பெனி விளம்பரத்துலயே வந்தவ" என்று பெருமையாகத்தான் சொல்வார்.

ஒரே ஒரு தடவை அவள் அந்த வண்டியை ஓட்டினாள். அவர் அன்றைக்கு பஸ்ஸில் போயிருந்தார், கண்ணாடியை மறந்து வைத்துவிட்டு. கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு எதிரே நிற்பது மேனேஜரா தூணா என்று தெரியாது. பாவம், தடுமாறுவாரே என்று அக்கா வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய் அலுவலக வாசலில் நிறுத்தினாள். கூட வேலை செய்கிறவர்களெல்லாம் சன்னலுக்கு வந்துவிட்டார்கள். "யப்பா, உன் சம்சாரம் உன்னைவிட நல்லா ஓட்டறாங்களேப்பா!" என்று எவனோ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லிவிட்டான். அத்தோடு சரி. சாவி அவருடைய சட்டைப் பைக்குப் போனது. பஸ்ஸில் போகிற நாளிலும் சாவி அவரோடு பஸ்ஸில் போகும்.

அவரைக் கெட்டவர் என்று என்னால் சொல்லிவிட முடியாது. சொல்ல முடிந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். கை நீட்டியதில்லை. குடித்ததில்லை. அக்காவுக்கு டைபாய்டு வந்தபோது ராப்பகலாக உட்கார்ந்து கஞ்சி ஊட்டினார். தெருவில் யார் வீட்டுக் குழாய் உடைந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். அக்கா கேட்டு இல்லை என்று சொன்னது ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றைத்தான் அவள் கேட்டாள்.

ஓட்டத் தெரிந்தவள் பின்னால் உட்கார்ந்து போவது எவ்வளவு கொடுமை என்று அவர்கள் இரண்டு பேரோடும் போனவர்களுக்குத் தெரியும். அத்தான் கிளட்ச்சை வெடுக்கென்று விடுவார், எல்லோர் கழுத்தும் ஒருமுறை பின்னால் போய் வரும். வளைவில் வண்டியை நேராகவே வைத்துக்கொண்டு திரும்பப் பார்ப்பார். பின்னால் உட்கார்ந்திருக்கிற அக்காவின் கால் தன்னால் பிரேக்கைத் தேடும். அங்கே வெறும் காற்றுத்தான் இருக்கும். ஒருமுறை மேட்டுத் தெருவில் ஏறும்போது வண்டி முக்க ஆரம்பித்தது. நான் பின்னாலேயே நடந்து வந்துகொண்டிருந்தேன்.

"ரெண்டாவது போடுங்க" என்றாள் அக்கா, தெருவில் போகிறவர்களுக்குக் கேட்காத மாதிரி.

"வாயை மூடிட்டு வர்றியா?"

வண்டி நின்றுவிட்டது. குழந்தையை இறக்கி, பையை இறக்கி, அக்காவும் இறங்கி, மேடு முழுக்கத் தள்ளினார்கள். மேட்டின் உச்சியில் அவர் மறுபடி ஏறி உட்கார்ந்து, "பெட்ரோல்ல தண்ணி கலக்கறான் பாவி" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் பெட்ரோல் பங்க்காரனை நாலு வார்த்தை திட்டினேன். வேறு யாரைத் திட்டுவது?

அந்த வண்டி போய் வேறு வண்டி வந்தது. அதுவும் போய் இன்னொன்று. புரோஷர்களும் மாறின. அவர்களுடைய ஒரே மகள் கல்லூரிக்குப் போன வருடம் ஸ்கூட்டர் விளம்பரங்களில் பெண்கள் வந்தார்கள். பின்னால் இல்லை, முன்னால். தனியாக, முடி பறக்க. 'உங்கள் பாதை, உங்கள் வேகம்!' என்றது வாசகம். முன்பு பெண் ஓட்டினால் விற்காது என்றவர்கள், இப்போது ஆண்களுக்கெல்லாம் விற்று முடித்துவிட்டதால் பெண்களைக் கண்டுபிடித்திருந்தார்கள். அத்தான் மகளுக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்தார். சாவியை அவள் கையில் வைத்துவிட்டு, கண் கலங்கி, தெருவே கேட்கிற மாதிரி சொன்னார்.

"என் பொண்ணு யாரையும் நம்பி நிக்கக் கூடாது!"

அக்கா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள்.

"நானும் ஒரு ரவுண்டு போயிட்டு வரட்டுமா?"

"இந்த வயசுலயா?" என்றார் அத்தான். கிண்டலாகக்கூட இல்லை, நிஜமான அக்கறையோடு கேட்டார். மகளும், "அம்மா, விழுந்து கையைக் காலை உடைச்சுக்காதம்மா" என்று சிரித்தாள். அம்மா வண்டி ஓட்டின கதையை மகளுக்கு யாரும் சொன்னதில்லை. முதலில் பொம்பளையா என்றார்கள், அப்புறம் இந்த வயசிலா என்கிறார்கள். நடுவில் ஒரு வயது இருந்திருக்குமே, ஓட்டு என்று சொல்லும்படியாக. அது எப்போது வந்து எப்போது போனது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனபோது ஸ்கூட்டரும் அவளோடு போனது.

போன வருடம் நான் அவர்கள் வீட்டில் சில நாள் தங்கியிருந்தேன். அத்தான் ரிட்டயராகி, காலையில் வண்டியைத் துடைத்து வைப்பதே பெரிய வேலையாக இருந்தார். அன்றைக்கும் துடைத்துக்கொண்டுதான் இருந்தார். உள்ளே வந்து, காபியைக் குடிக்காமல் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். சட்டை நனைந்திருந்தது. இடது தோள் இழுக்கிறது என்றார். மருந்துக்கடையில் இத்தனை வருஷம் நின்றவளுக்கு அதற்கு மேல் எதுவும் கேட்க வேண்டியதில்லை. என் பையிலிருந்து ஆஸ்பிரினை எடுத்துக் கொடுத்து, மென்று முழுங்கச் சொன்னேன். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால், எல்லா வண்டியும் வெளியே போயிருக்கிறது, காத்திருங்கள் என்றார்கள். டாக்ஸிக்காரன் இதோ வருகிறேன் என்றான். ஆஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். வீட்டு மாடியில் நின்றால் அதன் பெயர்ப் பலகை தெரியும்.

அக்கா அவர் சட்டைப் பையில் கையை விட்டுச் சாவியை எடுத்தாள். கேட்கவில்லை, எடுத்தாள். வெளியே போய் வண்டியை ரோட்டுக்கு இறக்கி, கிளப்பினாள். முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது.

"வாங்க, ஏறுங்க. நடுவுல உக்காருங்க, இவ பின்னாடி உக்காந்து பிடிச்சுக்குவா. ரெண்டு நிமிஷத்துல போயிடலாம்."

நான் அவரைத் தாங்கிக் கேட் வரைக்கும் கொண்டு வந்துவிட்டேன். அங்கே வந்ததும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். எதிர் வீட்டு வாசலில் இரண்டு பேர். மாடியில் துணி உலர்த்துகிறவள். பால் வாங்கி வருகிற ஒருவர் நின்று பார்த்தார்.

"எதிர் வீட்டு டிரைவர் இருக்காரா பாரு" என்றார் அத்தான். "அவர் ஓட்டட்டும்."

"அவர் வேலைக்குப் போயிட்டாருங்க. ஏறுங்க."

"டாக்ஸி வரட்டும்."

"செத்துடுவீங்க!" என்று கத்தினாள் அக்கா. அவள் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"தெருவே பாக்குது" என்றார் அவர். வலியில் உதடு வெளுத்திருந்தது. அப்போதும் குரலில் அதே அழுத்தம். "வண்டியை நிறுத்து."

நான் அவரைப் பிடித்து இழுத்தேன். கேட் கம்பியை விடவில்லை. நெஞ்சு வலிக்கிற மனுஷனுக்கு அவ்வளவு பிடி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வண்டியை நிறுத்தினாள்.

டாக்ஸி வந்தது. பாலத்தில் ஏறியதும் நெரிசலில் மாட்டிக்கொண்டது. முன்னால் லாரி, பின்னால் பஸ். டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். இரண்டு பக்கமும் இடுக்கு இடுக்காக மோட்டார் சைக்கிள்கள் நுழைந்து போய்க்கொண்டேயிருந்தன, எல்லாம் சின்ன வண்டிகள். அத்தானின் தலை அக்காவின் மடியில் இருந்தது. பாலம் முடிவதற்கு முன்பே அவர் கை குளிர்ந்துவிட்டதை நான் பார்த்தேன். அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் வெளியே வந்து, எல்லாம் முடிந்துவிட்டது என்று சொன்னார். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றும் சொன்னார். குத்திக்காட்ட வேண்டுமென்று இல்லை, அவருக்கே தாங்கவில்லை போலிருந்தது.

"இவ்வளவு பக்கத்துல இருந்துக்கிட்டு ஏம்மா இவ்வளவு லேட்டு? வீட்டுல வண்டி எதுவும் இல்லையா?"

நான் வாயைத் திறந்தேன். அத்தனை வருஷமும் எனக்குள் ஊறிக்கிடந்ததையெல்லாம் அந்த டாக்டரின் முன்னால் கொட்டிவிடத்தான் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"இருக்கு டாக்டர்" என்றாள். "எங்க வீட்டுல ஓட்டத் தெரிஞ்சவரு இவர் ஒருத்தர்தான்."